பதிவேட்டிலிருந்து திரை வரை: வழக்காடும் தொழிலும் நாமும்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்த மூத்த தோழரை உங்களில் பலர் ஒரு துணிப்பையோடுதான் நினைவில் வைத்திருப்பீர்கள். அவர் சட்டம் படித்தவரல்லர். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்து வாங்கிய பழைய ‘அ’ பதிவேட்டு நகல்களே அந்தப் பையில் இருந்தன. வழக்கறிஞர்கள் அவரைத் தேடிவந்து அந்த நகல்களை வாங்கிப் போனார்கள். இன்று பட்டாவைக் கைப்பேசியில் பார்க்கலாம், வழக்கின் நிலையைக் கைப்பேசியில் அறியலாம், மனுவைக்கூடக் கணினியே எழுதித் தருகிறது. “இனி அந்தப் பைக்கு வேலை இல்லை” என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். அது சரியா என்பதைத்தான் இன்று பேச இருக்கிறோம்.

ஏரியின் சட்டமும் ஏட்டுச் சட்டமும்

நாம் ஏன் நீதிமன்றப் படியேறினோம் என்பதிலிருந்து தொடங்குவோம். பழவேற்காட்டு ஏரிக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்வார்கள். வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, வாய்தா இல்லை. பொது வளத்தைச் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்ளும் முறை என்று ஆய்வாளர்கள் இதைப் பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டலாம். ஆனால் அந்தச் சீட்டில் இடம்பெறும் உரிமை பாரம்பரிய மீனவச் சாதியாரின் ஊர்களுக்கே இருந்தது. அதே தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், கரையோரச் சேரிகளில் வாழும் நம் மக்களும் குலுக்கலுக்கு வெளியே நின்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பேச இடமில்லாதவர்கள்தாம் எழுதப்பட்ட சட்டத்தைத் தேடிப் போகிறார்கள். ஆகவே அந்தச் சட்டத்தைக் கையாளும் தொழில் எப்படி மாறுகிறது என்பதை நாம் வேடிக்கை பார்க்க முடியாது.

1891ஆம் ஆண்டு

அந்த ஓர் ஆண்டில் நடந்த மூன்று காரியங்களைச் சேர்த்துப் பார்ப்போம்.

மயிலாப்பூர் வக்கீல்கள் கூடி ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ இதழைத் தொடங்கியது 1891இல். தீர்ப்புகளைத் தொகுத்து, அச்சிட்டு, சந்தாவுக்கு அனுப்புவது அன்றைய வழக்காடும் தொழிலில் பெரிய புதுமை. இதழ் கையில் இருந்தவருக்கு முன்தீர்ப்பும் கையில் இருந்தது. தொழிலின் அறிவு ஒரு தெருவில், ஒரு வட்டத்தில் சேர்ந்தது.

அதே 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர், அந்த மாவட்டப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நம் பொன்னேரி வட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. தரிசு நிலம் கேட்டு நம் மக்கள் தர்காஸ்து கொடுத்தால், மிராசுதாரர்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தடுத்ததை அந்த அறிக்கை எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையின் வழியே வந்ததுதான் பஞ்சமி நிலம்.

மூன்றாவது, 1891இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை அமைத்தார். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். மயிலாப்பூரில் தீர்ப்புகள் அச்சேறிய காலத்தில் நம் முன்னோர் கோரிக்கைகளை அச்சில் ஏற்றினார்கள். அச்சு இருதரப்புக்கும் கிடைத்தது. ஆனால் நீதிமன்றத்துக்குள் நுழைந்த அச்சு ஒரு தரப்பினுடையதாக இருந்தது.

தரகர் தராத வழக்குகள்

1923இல் பம்பாயில் வழக்கறிஞராகப் பதிவு செய்த அண்ணல் அம்பேத்கரின் கதை நமக்குத் தெரியும். அதைத் தொழில் அமைப்பின் கோணத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் கட்சிக்காரர் நேராகப் பாரிஸ்டரிடம் வருவதில்லை. இடையில் சொலிசிட்டர் இருப்பார். வழக்கை யாருக்குத் தருவது என்று முடிவுசெய்வது அவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த ஒருவருக்கு அவர்கள் வழக்குத் தரவில்லை. அண்ணல் கீழ் நீதிமன்றங்களில் ஏழைகளின் வழக்குகளை நடத்தினார், பிழைப்புக்கு வணிகச் சட்டம் கற்பித்தார். அறிவு இருந்தும் வழக்கு வரும் வழி அடைபட்டிருந்தது.

இந்த வழி இன்றும் அடைபட்டுத்தான் இருக்கிறது. முதல் தலைமுறையாகச் சட்டம் படித்துவிட்டு வரும் நம் பிள்ளை, மூத்த வழக்கறிஞரிடம் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் கோப்பு சுமக்க வேண்டும். வீட்டில் சோறு இருப்பவர்தான் அதைத் தாங்க முடியும். சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூனில், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சொன்னது. இந்தத் தீர்ப்பை எத்தனை மாணவர்கள் படித்திருக்கிறீர்கள்?

அடுத்த மாதமே, 2024 ஜூலையில், அதே உயர்நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு தந்தது. பிளம்பரையும் மெக்கானிக்கையும் பட்டியலிடுவதுபோல் வழக்கறிஞர்களுக்கும் நட்சத்திரம் போட்டு, விலை போட்டு விற்கும் இணையதளங்களைக் கண்டித்து, அவற்றில் விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்க பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சட்டம் சரக்கல்ல என்ற அந்தக் கருத்து நமக்கும் உடன்பாடே. ஆனால் விளம்பரம் கூடாது என்ற விதி எல்லோரையும் ஒரே மாதிரி கட்டுவதில்லை. உறவிலும் சாதியிலும் கட்சிக்காரர் உள்ளவருக்கு விளம்பரம் தேவையே இல்லை. பெயர்ப்பலகையைத் தவிர வேறெதுவும் இல்லாதவருக்குத்தான் அது சுவர். பழைய தரகருக்குப் பதில் செயலி தரகராக வருவதும் விடுதலை அல்ல. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

அஞ்சலட்டையும் ஆங்கிலக் கோப்பும்

ஏழைகளுக்குக் கதவு திறந்த புதுமை எது என்று கேட்டால், அஞ்சலட்டை என்றுதான் நாங்கள் சொல்வோம். 1979இல் ஒரு கைதி, சக கைதிக்கு நடந்த சித்திரவதை பற்றி உச்சநீதிமன்ற நீதிபதிக்கு எழுதிய கடிதம் மனுவாக ஏற்கப்பட்டது. அது சுனில் பத்ரா வழக்கு. கொத்தடிமைகளுக்கான பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கும் கடிதத்தில்தான் பிறந்தது. கருவி பழையது, விதி மட்டும் தளர்ந்தது.

அந்தப் பொதுநல வழக்கு மரபு நம் ஏரிக்கும் வந்தது. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. பின்னர் வந்த மறுசீராய்வு மனுக்களும் 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கின. ஆனாலும் நம் ஏரியின் பெயர் ஒரு தீர்ப்பில் நிற்கிறது.

அதே காலத்தில் தொழில் வேறு திசையில் ஓடியது. 2000க்குப் பிறகு, அமெரிக்க, பிரிட்டிஷ் வழக்குகளின் ஆவணங்களை இங்கே உட்கார்ந்து படித்துப் பிரித்துத் தரும் வெளிப்பணி நிறுவனங்கள் சென்னை போன்ற நகரங்களில் வந்தன. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே வழக்காடலாமா என்ற ஏ.கே. பாலாஜி வழக்கு சென்னையில்தான் தொடங்கியது. 2018 மார்ச் 13 அன்று உச்சநீதிமன்றம் அவை இங்கே அலுவலகம் வைத்துச் சட்டத் தொழில் செய்யக் கூடாது என்றது. 2023 மார்ச்சில் பார் கவுன்சில் தானே விதி செய்து, வெளிநாட்டுச் சட்டம் சார்ந்த பணிகளுக்குக் கதவைப் பாதி திறந்தது. இந்த வேலைகளுக்கான நுழைவுச்சீட்டு ஆங்கிலம். பொன்னேரி அரசுப் பள்ளியில் படித்தவரை அந்த நேர்காணல் அறை எப்படி வரவேற்றிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

திரையில் நீதிமன்றம்

நன்மைகளை மறைக்கக் கூடாது. 2008இல் தொடங்கிய ‘இந்தியன் கானூன்’ தளம், சந்தா கட்ட முடியாதவருக்கும் தீர்ப்புகளைத் தந்தது. மயிலாப்பூரில் 1891இல் கட்டிய சுவரில் விழுந்த பெரிய ஓட்டை அது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றமே தன் தீர்ப்புத் தொகுப்பை இலவசமாக இணையத்தில் வைத்தது. தமிழிலும் மொழிபெயர்ப்புகள் வருகின்றன. 2020 கொரோனா காலத்தில் பழக்கமான காணொலி விசாரணை, அனுப்பம்பட்டில் ரயிலேறி உயர்நீதிமன்றம் போய் வாய்தா வாங்கித் திரும்பும் ஒருநாள் கூலி இழப்பைத் தவிர்க்க முடியும் என்று காட்டியது.

2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. வழக்குக் கோப்புகளை மின்னணுவாக்க மட்டும் 2,038.40 கோடி. செயற்கை நுண்ணறிவு போன்றவற்றுக்கு 53.57 கோடி. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் மின்தாக்கலைக் கட்டாயமாக்க முயன்றபோது வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்த்தன. ஸ்கேனரும் இணையமும் உதவியாளரும் இல்லாத சிறு வழக்கறிஞருக்கு அது உண்மையான சுமை. அதே நேரத்தில், குமாஸ்தாவையும் கட்டுக்காகிதத்தையும் சுற்றி வளர்ந்த சில்லறை அதிகாரம் போய்விடுமே என்ற கவலையும் அந்த எதிர்ப்பில் கலந்திருந்தது என்பது எங்கள் கணிப்பு.

கணினி எழுதும் மனுக்கள் குறித்தும் ஓர் எச்சரிக்கை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை உண்மை என்று தாக்கல்செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். பெரிய அலுவலகம் அபராதம் கட்டிவிட்டு எழுந்துவிடும். நம் கட்சிக்காரருக்கு வழக்கே போய்விடும்.

கணினிக்குத் தெரியாத நிலம்

இப்போது அந்தத் துணிப்பைக்கு வருவோம். பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்க முடியாது என்ற நிபந்தனை பழைய பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில், அதாவது ‘யு.டி.ஆர்’ கணக்கில், பல இடங்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயரே ஏறியது, பழைய நிபந்தனைக் குறிப்பு விடுபட்டது. இன்று நாம் திரையில் பார்க்கும் பட்டா அந்தக் கணக்கின்மேல் கட்டப்பட்டது.

ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு அக்காவுடன் நாங்கள் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தோம். புல எண்ணை அடித்ததும் வேறொருவர் பெயர் வந்தது. “கம்ப்யூட்டரே சொல்லுதே, இன்னும் என்னம்மா?” என்றார் அங்கிருந்தவர். முன்பு கர்ணம் சொன்னால் மறுபேச்சு இல்லை. இப்போது அந்த இடத்தில் கணினி. மூத்த தோழரின் பையிலிருந்த செட்டில்மென்ட் பதிவேட்டு நகலில்தான் அக்காவின் தாத்தா பெயரும் நிபந்தனையும் இருந்தன. எவ்வளவு விரைவான தேடுகருவியானாலும் பதிவில் ஏறியதைத்தான் தேடும். நம்மை விட்டுவிட்டுப் பதிந்த ஏட்டை மின்னணுவாக்கினால், விடுபடல் நிரந்தரமாகிறது.

கேட்டால் மட்டும் கிடைக்கும் கேமரா

கடைசியாக ஒன்று. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் 15அ என்ற பிரிவு இருக்கிறது. அதன் 10ஆம் உட்பிரிவு, இச்சட்டத்தின்கீழான குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளும் காணொலியில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ‘செய்யலாம்’ என்றில்லை, ‘வேண்டும்’ என்றே இருக்கிறது. உச்சநீதிமன்றம் நேரலையை ஏற்ற 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் முந்தையது இது. நீதிமன்றத்துக்குள் கேமரா வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது நம் சாட்சிகளுக்காக.

நாங்கள் உடன்போன ஒரு வழக்கில் இதைக் கேட்டபோது “அதுக்கெல்லாம் வசதி இல்லை” என்று பதில் வந்தது. அதே வளாகத்தில் மற்ற வழக்குகளுக்குக் காணொலி விசாரணை நடந்துகொண்டிருந்தது. நம் தரப்பு வழக்கறிஞரும் அந்த உட்பிரிவை அன்றுதான் முதன்முறையாகப் படித்தார். குறுக்கு விசாரணையில் அந்தப் பெண் சாட்சியிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், அவற்றைக் கேட்ட குரலும், சுற்றிலும் எழுந்த சிரிப்பும் எந்தப் பதிவிலும் இல்லை. தாளில் “ஆம்”, “இல்லை” மட்டும் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

எனவே மாணவர்களிடமும் செயல்பாட்டாளர்களிடமும் நாங்கள் கேட்பவை இவை. ஒவ்வொரு வன்கொடுமை வழக்கிலும் முதல் நாளிலேயே 15அ(10) பிரிவின்கீழ் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். மின்தாக்கலை ஒவ்வொரு சட்ட மாணவரும் கற்று, ஊரில் ஒருவருக்காவது கற்றுக்கொடுங்கள். கணினி தந்த எந்தத் தீர்ப்பையும் மூலத்தில் சரிபார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். பஞ்சமி நிலப் பதிவேடுகளை அரசு பழைய மூலங்களோடு சேர்த்து மின்னணுவாக்கிப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை இயக்கமாக எடுங்கள்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். மூத்த தோழரின் குடும்பத்தார் அந்தத் துணிப்பையை இன்று நம் அமைப்பிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதோ மேசைமேல் இருக்கிறது. பல தாள்களின் ஓரம் நைந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் ஸ்கேன் செய்யத் தொடங்குகிறோம். கைப்பேசி வைத்திருப்பவர்கள் வாருங்கள். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்களும் வாருங்கள். இருவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஒரு பக்கம் முடியும்.

ஜெய் பீம்.