காதைத் தொட்டா அஞ்சு வயசு

எங்கப்பாவோட பொறந்த தேதி ஜூன் 1. பெரியப்பாவுக்கும் ஜூன் 1. அத்தைக்கும் ஜூன் 1. பாட்டி ஜூன் 1 தவிர வேற நாள்ல பிள்ளை பெத்துக்க மாட்டேன்னு விரதம் ஏதும் இருக்கலைங்க :-) பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப ஹெட்மாஸ்டர் எழுதிக்கிட்ட தேதி அது. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லுவாரு. எட்டுச்சுன்னா அஞ்சு வயசு, ஒண்ணாங்கிளாஸ். எட்டலைன்னா அடுத்த வருஷம் வா.

போன மாசம் அப்பாவுக்கு ஒரு ஆன்லைன் ஃபார்ம் நிரப்பும்போது இந்தப் பேச்சு வந்துச்சு. பக்கத்துல இருந்த அத்தை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "எனக்கு ரெண்டு வயசுல்லடா. பள்ளிக்கூடத்துல ஒண்ணு, தீப்பெட்டி ஆபீஸ்ல ஒண்ணு."

எங்க ஊர் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்'னுதான் சொல்லுவாங்க. அத்தை பத்து வயசுல குச்சி அடுக்கப் போயிருக்காங்க. யாராவது கேட்டா பதினாலுன்னு சொல்லணும். சொல்லிக் கொடுத்தது முதலாளி இல்ல, எங்க பாட்டி. வீட்டுக்கு அந்தக் கூலி வேணும். 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 14 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு தெளிவாவே இருந்துச்சு. சட்டம் இருந்துச்சு. அத்தையும் உள்ளே இருந்தாங்க.

அது எப்படின்னு மண்டையைக் குடைஞ்சதுல, 200 வருஷம் பின்னாடி போய் இங்கிலாந்துல நின்னேன். முதலாளிங்க நியாயமா தொழில் நடத்தணும்னு அரசாங்கம் சட்டம் போட ஆரம்பிச்ச இடம் அது.

1784-ல மான்செஸ்டர் பக்கத்துல ராட்கிளிஃப்ங்கற ஊர்ப் பஞ்சாலையில காய்ச்சல் பரவுது. தாமஸ் பெர்சிவல்ங்கற டாக்டர் தலைமையில ஒரு குழு போய்ப் பாத்துட்டு, பிள்ளைங்க ராத்திரி வேலை பாக்கறதையும் நீண்ட நேரம் உழைக்கறதையும் கண்டிச்சு அறிக்கை கொடுக்குது. அந்த ஆலை ராபர்ட் பீல் குடும்பத்தோடது. (பின்னாள் பிரதமர் பீலோட அப்பா இவரு.) பின்னாடி எம்.பி. ஆன இதே பீல்தான் 1802-ல முதல் சட்டத்தைக் கொண்டு வர்றாரு. ஆலைகள்ல தங்கி வேலை பார்த்த அனாதை, ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது. ராத்திரி வேலையைப் படிப்படியா நிறுத்தணும். சுவருக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை சுண்ணாம்பு அடிக்கணும். மீறினா 2 முதல் 5 பவுண்டு அபராதம்.

யாரு போய்ப் பாக்கறது? உள்ளூர் மாஜிஸ்ட்ரேட்டுங்க கூடி, ஒரு மாஜிஸ்ட்ரேட்டையும் ஒரு பாதிரியாரையும் பார்வையாளரா நியமிக்கணும். சம்பளம் கிடையாது. பல ஊர்ல நியமிக்கவே இல்ல. 1819-ல இன்னொரு சட்டம்: பஞ்சாலையில 9 வயசுக்குக் கீழ வேலை கூடாது. அதையும் கண்காணிக்க ஆள் இல்ல. நம்ம பாஷையில சொன்னா, ரூல் எல்லாம் டாக்குமெண்ட்ல இருக்கு, கோடுல செக் கிடையாது. அப்படி ஒரு ஃபார்ம்ல ஜனங்க என்ன டைப் பண்ணுவாங்கன்னு நமக்குத் தெரியாதா?

1833-ல வந்த சட்டம்தான் திருப்புமுனை. துணி ஆலைகள்ல (பட்டு ஆலைக்குச் சில விலக்கு உண்டு) 9 வயசுக்குக் கீழ வேலை இல்ல. 9 முதல் 13 வரைக்கும் வாரத்துக்கு 48 மணி நேரம், கூடவே தினம் 2 மணி நேரம் படிப்பு. 18 வரைக்கும் வாரத்துக்கு 69 மணி நேரம். எண்களை விட முக்கியம், அரசாங்கச் சம்பளத்துல நாலு இன்ஸ்பெக்டர்கள். மொத்த நாட்டுக்கும் நாலே பேர்! ஆனா ஆலைக்குள்ள நுழையற அதிகாரம் அவங்களுக்கு இருந்துச்சு, பாத்ததை அறிக்கையா எழுதணும்ங்கற கடமையும் இருந்துச்சு. அதுல ஒருத்தர் லெனார்ட் ஹார்னர். நிலவியல் ஆராய்ச்சியாளர். கால் நூற்றாண்டு இந்த வேலையைப் பாத்தாரு. மார்க்ஸ் மூலதனத்துல இந்த அறிக்கைகளை அள்ளி அள்ளிப் பயன்படுத்தி, ஹார்னரைப் பாராட்டியும் இருக்காரு.

உள்ளே போயாச்சு. எதிர்ல ஒரு பையன் நிக்கறான். ஒன்பது வயசுங்கறான். எப்படி நம்பறது? பிறப்புப் பதிவு கிடையாது. ஒன்பது வயசுப் பிள்ளைக்குரிய வலுவும் தோற்றமும் இருக்குன்னு ஒரு டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுக்கணும். அண்ணனைக் காட்டி வாங்கின சர்ட்டிஃபிகேட்ல தம்பி வேலைக்குப் போவான். உயரத்தை அளந்து வயசு சொல்லலாமான்னு பாத்தாங்க. 1837-ல எட்வின் சாண்டர்ஸ்ங்கற பல் டாக்டர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைங்களோட வாயைத் திறந்து பாத்து, பல்லை வெச்சு வயசு சொல்லலாம்னு பார்லிமெண்டுக்கு ஒரு புத்தகமே போட்டாரு.

நம்மூர் காது, அவங்க ஊர் பல். அவ்வளவுதான் வித்தியாசம்!

அதே 1837 ஜூலை 1-ல இங்கிலாந்து, வேல்ஸ்ல அரசாங்கப் பிறப்புப் பதிவு ஆரம்பிக்குது. பதிவு பண்ண வேண்டிய பொறுப்பு பெத்தவங்களோடதுன்னு கட்டாயமானது 1874 சட்டத்துக்கு அப்புறம். நம்ம நாட்டுல பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969. அத்தை அதுக்கு முன்னாடி பொறந்தவங்க.

இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு. 1833 சட்டப்படி காலைல 5.30-க்கும் ராத்திரி 8.30-க்கும் நடுவுல எப்ப வேணா வேலை வாங்கலாம். பிள்ளைங்களை மாத்தி மாத்தி அனுப்பினா, யாரு எத்தனை மணி நேரம் பாத்தாங்கன்னு இன்ஸ்பெக்டரால கண்டுபிடிக்கவே முடியாது. 1850 சட்டம் பெண்களுக்கும் இளவயசுக்காரங்களுக்கும் 'காலை 6 முதல் மாலை 6' (குளிர்காலத்துல 7 முதல் 7) என்று கட்டினப்பதான் அது அடைபட்டுச்சு. சின்னப் பிள்ளைங்களுக்கு 1853-ல. ஆறரைக்கு ஒரு பொண்ணு மெஷின் முன்னாடி நின்னா தப்பு. கணக்கே போட வேண்டாம். சோதிச்சுப் பாக்கற மாதிரி எழுதின விதிதான் விதி.

இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல வந்துச்சு. பம்பாய் ஆலைகளோட போட்டியைப் பாத்துக் கலங்கின லங்காஷயர் முதலாளிகளும் அதுக்காக அழுத்தம் கொடுத்தாங்க. பாசம் பாதி, வியாபாரம் பாதி. 7 வயசுக்குக் கீழ வேலை இல்ல, 12 வரைக்கும் ஒரு நாளைக்கு 9 மணி நேரம். அதுவும் 100 பேருக்குக் குறையாம வேலை பாக்கற, மெஷின் ஓடற ஆலைகளுக்கு மட்டும்.

1948 சட்டத்தோட இடத்துக்கு 2025 நவம்பர் 21-ல புதுத் தொகுப்பு வந்துடுச்சு. அதுல இன்ஸ்பெக்டர் பேரு 'இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர்', அதாவது சோதிக்கறவரும் அவரே, வழிகாட்டறவரும் அவரே. எந்த ஆலைக்கு யாரு போகணும்னு கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டுச் சொல்ற ஏற்பாட்டுக்கும் அதுல இடம் இருக்கு. அந்த கோடை என்னை மாதிரி ஒருத்தன்தான் எழுதுவான். லஞ்சத்துக்கும் பழிவாங்கலுக்கும் வழியடைக்கும்னா நல்லதுதான். ஆனா குலுக்கல்ல பேரே வராத ஆலை மறுபடியும் 1802-க்குப் போயிடும், இல்லையா?

அத்தைகிட்ட கேட்டேன், "ஆபீசர் யாரும் வந்து பாக்கலையா அத்தே?"

"வருவாங்க. முன்னாடி ரூம்ல டீ குடிச்சுட்டுப் போயிருவாங்க. ஒரே ஒருத்தரு மட்டும் பின்கட்டு வரைக்கும் வந்தாரு. அன்னைக்கே எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் கூலி போச்சுன்னு ஆத்தா அழுதா."

"அப்புறம்?"

"அந்த ஒரு வாரம் பள்ளிக்கூடம் போனேன்."

அத்தை எதையுமே சோகமா சொல்ற ஆள் இல்ல. இதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அந்த ஃபார்ம்ல அப்பாவுக்கு ஜூன் 1-னே போட்டு சப்மிட் பண்ணிட்டேன்.

உங்க வீட்டுல எத்தனை பேருக்கு ஜூன் 1? விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க மக்களே.