கட்டத்துள் கரந்த சொல்

கோவை என்பது ஊரின் பெயர். செவ்விதழுக்கு உவமையாகும் கனியின் பெயரும் அதுவே. அகப்பொருள் துறைகளைத் தொடுத்துப் பாடும் சிற்றிலக்கிய வகைக்கும் அப்பெயரே வழங்கும். ‘கனியாகவும் நூலாகவும் நிற்கும் கொங்கு நகரம்’ என்று ஒரு குறிப்பை எழுதி, அதன்கீழ் இரண்டு கட்டங்களை வரைந்து வைத்தால், தமிழறிந்தவர் சிறிது தயங்கிப் பின் நகைத்து விடையை நிரப்புவர். சிலேடைக் குறிப்புகளால் அமையும் குறுக்கெழுத்துப் புதிரின் இயல்பு இதுவே. இதன் கட்டம் மேலை நாட்டிலிருந்து வந்தது. குறிப்போ தமிழ் மண்ணில், அதிலும் கொங்கு மண்ணில், வேர் கொண்டது. இடையில் ஒருகாலம் இவ்விளையாட்டு பணத்தின் பின்னே சென்று தன் இயல்பை இழந்தது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்கள் அவ்வரலாற்றை அறிதல் நன்று.

கட்டம் வந்த வழி

லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின், ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று வெளியிட்ட சாய்சதுர வடிவப் புதிரே இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதன் குறிப்புகள் அகராதிப் பொருளைக் கேட்டன. சொல்லை உடைத்தும் திருப்பியும் ஒளித்தும் வைக்கும் முறையை இங்கிலாந்து வளர்த்தது. 1926 முதல் ‘அப்சர்வர்’ இதழில் டார்க்கிமாடா என்னும் புனைபெயரில் எழுதிய எட்வர்டு பாவிஸ் மாதர்ஸ் அதில் முன்னோடி. அவருக்குப் பின்வந்த சிமினீஸ் என்பார் அதற்கு ஓர் ஒழுக்கம் வகுத்து, 1966இல் நூலாக வெளியிட்டார். ஒரு குறிப்பில் விடையின் பொருள் ஒரு பகுதியாகவும், விடைச்சொல் உருவான வகை மற்றொரு பகுதியாகவும் நிற்க வேண்டும். வேறொன்றும் இருத்தல் ஆகாது என்பதே அவ்வொழுக்கத்தின் சாரம். விடை கண்டவர் தாம் கண்டது சரியென்பதைக் குறிப்பைக் கொண்டே மெய்ப்பித்துக் கொள்ளலாம். பிறர் வந்து சொல்ல வேண்டுவதில்லை.

பரிசும் சூதும்

தமிழ்நாட்டில் குறுக்கெழுத்து வேறொரு கோலத்தில் வேரூன்றியது. 1928இல் எஸ்.எஸ். வாசன் ஏற்று நடத்திய ‘ஆனந்த விகடன்’, 1930களில் அதனைப் பரிசுப் போட்டியாக்கியது. இதழின் விற்பனையும் உயர்ந்தது. நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய போட்டிகள் பெருகின. பெரும்பரிசு தரும் போட்டியில் எல்லாரும் சரியான விடையை எழுதிவிட்டால் பரிசு சிதறிவிடும். ஆகவே, ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் பொருந்தும் குறிப்புகள் இடம்பெற்றன. ‘உழவனுக்கு இஃது இருந்தால் கவலையில்லை’ என்று கேட்டு, முதற்கட்டத்தை வெறுமையாக விட்டு, அடுத்த கட்டத்தில் ‘டு’ என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். மாடு என்பதும் பொருந்தும். வீடு என்பதும் பொருந்தும். புன்செய் நிலத்தைக் காடு என வழங்கும் கொங்கு நாட்டார்க்குக் காடு என்பதே முதலில் தோன்றும். மூன்றில் எது சரியென்பதைக் குறிப்புச் சொல்லாது. முன்கூட்டியே மறைத்து வைக்கப்பட்ட விடைத்தாள் ஒன்றே சொல்லும். அறிவுக்கு இடமின்றி நற்பேற்றுக்கே இடமாயிற்று.

இந்நிலையில் நடுவண் அரசு 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. சட்டம் இயற்றுமாறு தீர்மானம் நிறைவேற்றி வேண்டிய மாநிலங்களுள், அன்று கொங்கு நாட்டையும் உள்ளடக்கியிருந்த சென்னை மாநிலமும் ஒன்று. திங்களொன்றுக்குப் பரிசுத்தொகை 1000 ரூபாய்க்கும், ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2000க்கும் மேற்படலாகாது என்று அது வரையறுத்தது. எழுத்து, சொல், எண் ஆகியவற்றைக் கட்டுதல், அடுக்குதல், இணைத்தல், இடம் மாற்றுதல் ஆகியவற்றால் அமைந்த புதிருக்குப் பரிசளிப்பதே பரிசுப் போட்டி என்பது அச்சட்டம் தந்த விளக்கம். தமிழ்ப் புலவர் படிப்பின், சித்திரகவிக்கே இலக்கணம் கூறியதுபோல் தோன்றும்.

இச்சட்டத்தை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சூதின் தன்மையுடைய போட்டிகளுக்கே இக்கட்டுப்பாடு பொருந்தும். வெற்றி பெரிதும் திறமையைச் சார்ந்திருக்கும் போட்டிகளுக்குப் பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. நற்பேற்றுக்கும் திறமைக்கும் இடையே கோடு கிழிக்க வேண்டிய பொறுப்பு, சொல் விளையாட்டின் பொருட்டு நீதிமன்றத்தைச் சேர்ந்தது.

பவணந்தியார் வகுத்த பொதுமொழி

அக்கோட்டினை இலக்கணம் முன்னரே கிழித்திருந்தது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் ஊராகிய சனகாபுரம், பெருந்துறையை அடுத்த சீனாபுரமே என்பது கொங்கு ஆய்வாளர் பலர் கொள்கை. மைசூர்ப் பகுதி ஊர் என்பாரும் உளர். மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்ட எழுந்தது நன்னூல். அதன் பெயரியல் மொழியை ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என மூன்றாகப் பகுக்கிறது. தனித்து நின்று ஒரு பொருளும், பிரிந்து நின்று வேறு பொருளும் தருவது பொதுமொழி. எட்டு என்பது எண். எள் து எனப் பிரிந்தால் எள்ளை உண் என்பதாம். வேங்கை என்பது மரமும் விலங்கும். வேம் கை எனப் பிரிந்தால் வேகின்ற கை.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பொதுமொழியில் இரு பொருளும் அச்சொல்லின் எழுத்துகளுக்குள்ளேயே நிற்கின்றன. ‘சின்னக் கலைமகள் கோவையின் தாகம் தீர்ப்பாள், எழுத்து நான்கு’ எனும் குறிப்புக்குச் சிறு, வாணி எனப் பிரித்தாலும் சிறுவாணி, ஆற்றின் பெயரென முழுதாகக் கொண்டாலும் சிறுவாணி. மாடோ காடோ என்னும் ஐயத்துக்கு இங்கு இடமில்லை.

புதிர் அமைப்பவர்க்கும் பவணந்தியாரே வழிகாட்டி. மொழிக்கு முதலில் வரும் எழுத்து 22, ஈற்றில் வரும் எழுத்து 24 என்று நன்னூல் எண்ணிக் காட்டுகிறது. ‘ணி’ என்னும் கட்டத்தில் தமிழ்ச்சொல் எதுவும் தொடங்க முடியாது. அவ்வழியே கடந்து செல்லலாம், அல்லது அங்கு முடியலாம். மெய்யெழுத்து நிற்கும் கட்டத்திலும் சொல் தொடங்காது. ஆங்கிலக் கட்டத்துக்கு இல்லாத இத்தடைகளே தமிழ்க் கட்டத்துக்கு ஒழுங்கு தருகின்றன. விடை காண்பவர்க்கோ பொதுவியல் கூறும் பொருள்கோள் எட்டனுள் மொழிமாற்றும் கொண்டுகூட்டும் பெருந்துணையாம். குறிப்பில் அடுத்தடுத்து நிற்கும் சொற்களைப் பிரித்து, உரியவற்றோடு கூட்டிப் பொருள் காண்பதே புதிர் விடுத்தலின் முதற்படி.

சொல்லணியில் உள்ள கருவிகள்

பிசி என்னும் பெயரால் விடுகதைக்கும் இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மாலைமாற்றாகப் பதிகம் பாடினார். தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இருவகை கண்டது. கோவை முன்னதற்கும், சிறுவாணி பின்னதற்கும் பொருந்தி நிற்றல் காண்க. குதிரை தலையெழுத்தை இழந்தால் கடலில் எழும் திரையாகும். இஃது அக்கரச் சுதகத்தின் நெறி. வாடைக்காற்று ஒரு மாத்திரை குறைந்தால் வடையாகித் தட்டில் அமரும். இது மாத்திரைச் சுருக்கம். ஒரு தொடருக்குள் மற்றொன்றை ஒளித்து வைப்பது கரந்துறை. ஆங்கிலப் புதிர் அமைப்போர் இருபதாம் நூற்றாண்டில் தேடிக்கொண்ட கருவிகள் பலவற்றுக்கும் தமிழில் பெயர் முன்னரே இருந்தது.

2000க்குப் பின், கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த ‘தென்றல்’ திங்களிதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர்கள் இம்முறையைத் தமிழில் தொடர்ந்து கையாண்டன. பெரும்பரிசு இல்லாத இடத்திலும் விடை காண்போர் இருந்தனர் என்பது எண்ணத்தக்கது.

இரு பொருளும் வெல்லும்

சித்திரகவியை மிறைக்கவி என்று ஒதுக்கும் வழக்கம் உண்டு. 1971இல் கோவையில் ‘வானம்பாடி’ எழுந்தபோது, யாப்பின் கட்டுகளையே உதறிய கவிஞர்கட்குச் சொல்லணி வெறும் வித்தையாகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. உணர்ச்சி இல்லாத இடத்தில் சொற்சிலம்பம் கவிதையாகாது என்பது உண்மையே. ஆயினும், கவிதையில் இளைத்த அவ்வணிகள் புதிரில் தமக்குரிய இடத்தைப் பெறுகின்றன. அங்கே புலவன் ஒருவன் காட்டும் வித்தையாக அவை நிற்பதில்லை. படிப்பவரும் உடன் உழைத்துக் காணும் உண்மையாகின்றன.

பரிசுப் போட்டியின் குறிப்பில் ஒரு சொல் வென்றது, பிற தோற்றன. ஏன் என்பதற்கு விடையில்லை. சிலேடையில் இரு பொருளும் வெல்கின்றன. ஏன் என்பதற்குச் சொல்லே சான்று. தெளிவின்மை வேறு, இருபொருண்மை வேறு. முன்னது படிப்பவரை ஏய்க்கும். பின்னது படிப்பவரை மதிக்கும். கட்டம் வரைபவர்க்குரிய இந்நேர்மை, கவிதை புனைபவர்க்கும் உரியதே.