கொல்லிமலைக் குகையும் காரை அம்மோனைட்டும்

 கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வயிற்றுப் பேரன் போனை நீட்டி, "அப்புச்சி, இது நம்ம கொல்லிமலைதானுங்க?" என்றான். பார்த்தேன். ஒரு இளைஞர் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குகைக்குள் ஊர்ந்து போகிறார். பின்னால் பயமுறுத்தும் இசை. பாறையில் ஓடும் ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டி, "இது பல கோடி வருஷத்துக்கு முந்தின மிருகத்தோட எலும்பு" என்கிறார். யூடியூபில் அதை ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள்.

அது எலும்பு இல்லை. நம்மூரில் வெங்கச்சங்கல் என்போமே, அதுதான். பாறை விரிசலில் ஊறி உறைந்த குவார்ட்ஸ்.

"அப்ப நம்ம மலைல ஒண்ணுமே இல்லீங்களா?" என்று பேரன் முகம் வாடிவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறோமே, வழியெல்லாம் வெட்டுமுகத்தில் தெரியும் கருநீலப் பாறையைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் பெரும்பகுதி சார்னகைட் வகை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமை. பூமிக்கடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், எண்ணூறு டிகிரிக்கு நெருங்கிய சூட்டில் வெந்து உருவான கல். உலகில் எலும்புள்ள உயிர்கள் தோன்றிச் சுமார் 50 கோடி ஆண்டுதான் ஆகிறது. அதற்கு 200 கோடி ஆண்டு முன்பே வெந்து முடிந்த கல்லுக்குள் எலும்பு எப்படி வரும்?

இந்தக் கல்லுக்குப் பெயர் வந்ததே ஒரு கதை. கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்ந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லைத் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் ஆராய்ந்தார். அது சென்னைப் பக்கம் பல்லாவரம், பரங்கிமலைப் பாறை என்று கண்டு, 1893இல் அதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். ஒரு கல்லைப் பார்த்து அது எந்த ஊர்க் கல் என்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் அறிவியல் இருக்கிறது.

குகை விஷயமும் அப்படியே. ஆந்திராவின் பேலம் குகை சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டாக்கியது. 1884இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அதைக் குறித்து வைத்தார். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 1982-83இல் ஜெர்மானியக் குகை ஆய்வாளர் ஹெர்பர்ட் டேனியல் கெபாயர் குழு உள்ளே போய் அளந்து வரைபடம் போட்டது. நீளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். நம் மலைப்பாறை அப்படித் தண்ணீரில் கரையாது. ஆகாய கங்கை பக்கம் கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று கும்பிடுகிறோமே, இந்த மாதிரிக் குகைகள் பெரும்பாலும் பாறை பிளந்தும் சாய்ந்தும் உண்டான பொடவுகள். கொடைக்கானல் குணா குகையும் சார்னகைட் பிளவுதான். தரை இருக்கிறது என்று நினைத்துக் கால் வைக்கும் இடத்தில் பாதாளம் இருக்கும். 2006இல் அங்கே விழுந்த இளைஞரை நண்பர் இறங்கி மீட்ட கதையை 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர் பிழைத்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

சரி, தொல்லுயிர் எச்சம் பார்க்க எங்கே போவது? கிழக்கே போக வேண்டும். மலையிறங்கித் துறையூர் தாண்டிப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போனால் சுமார் 11 கோடி ஆண்டிலிருந்து ஆறரைக் கோடி ஆண்டு வரை கடல் கிடந்த நிலம். 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் அந்தப் பக்கத்துச் சிப்பிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் அந்த அடுக்குகளைப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். அடுத்து ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்கா பல ஆண்டுகள் உட்கார்ந்து ஒவ்வொரு சிப்பியையும் படத்தோடு விவரித்தார். ஊட்டத்தூர் என்ற நம் கிராமத்தின் பெயர் உலக நிலவியலாளர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இனி என் கதை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1980களின் கடைசியில் நாற்பது மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிக் காரைக்குக் கூட்டிப் போனேன். அந்த ஓடைக்காட்டில் துப்பாக்கித் தோட்டா போன்ற பெலெம்னைட்டுகள் தரையில் சிதறிக் கிடந்தன. ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட அம்மோனைட் ஒன்றைப் பையன் ஒருவன் எடுத்து, "சார், எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டான். "எடுத்துக்க கண்ணு" என்றேன். அவ்வளவுதான். நாற்பது பேரும் பை நிறைய அள்ளினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நல்லதாக இருபதைப் பொறுக்கிப் பள்ளிக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். எந்த ஓடை, எந்த மண் அடுக்கு, எந்தத் தேதி, எதையும் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன்.

சில வருடம் கழித்து அந்த அலமாரியை இடம் மாற்றினார்கள். நான் ஓய்வு பெறும்போது அதில் மூன்று கல் இருந்தது. அதையும் காகிதம் பறக்காமல் மேலே வைத்திருந்தார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எழுதாத கல்லை எந்த ஆய்வாளரிடம் கொடுத்தாலும் அவரால் பாதிக் கதைதான் சொல்ல முடியும். கோடிக்கணக்கான வருடம் தாங்கிய சாட்சியை ஒரே மதியத்தில் ஊமையாக்கினேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980களில் ஒரு டைனோசருக்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியவை சில படங்களும் குறிப்புகளும்தான். அது எலும்பா, மரக்கட்டையா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

மாறாகச் சாத்தனூர்க் கல்மரத்தைப் பாருங்கள். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். பின்னாளில் அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர். 18 மீட்டர் நீளம், 12 கோடி ஆண்டுப் பழமை. கிடந்த இடத்திலேயே விட்டு வேலி போட்டார்கள். இன்றைக்கும் நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

இதனால்தான் யூடியூப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கையில் இருக்கிற காமிரா அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் அந்த நாற்பது பைகளும் காலியாகவே திரும்பியிருக்கும். கல்லை எடுக்காமலே கல்லைக் கொண்டுவருகிற கருவி அது. அமெரிக்காவில் நிக் சென்ட்னர் என்ற நிலவியல் ஆசிரியர் இருக்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வீட்டிலிருந்தே கரும்பலகையை வைத்து நேரலையில் பாடம் எடுத்தார். பயமுறுத்தும் இசை கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். உலகம் முழுக்க உட்கார்ந்து கேட்டார்கள்.

அதே 2020 அக்டோபரில் பெரம்பலூர் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாய்க் கல் கிடைத்தது. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் படம் பரவியது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகிய உருண்டை என்றார்கள். முட்டைச் செய்தி போன வேகத்தில் இந்தச் செய்தி போகவில்லை.

சேனல் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள். தேதியும் இடமும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். துல்லியமான இடத்தை வீடியோவில் போடாமல், ஆராய்ச்சி செய்யும் கல்லூரிக்குச் சொல்லுங்கள். போட்டால் மறுவாரமே ஓடை காலியாகிவிடும்.

இரண்டு, தெரியாததை எலும்பு என்று சொல்லாதீர்கள். கேட்டுச் சொல்லுங்கள்.

மூன்று, குகைக்குத் தனியே போகாதீர்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்குங்கள். ஆளுக்கு மூன்று விளக்கு கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று வெளியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். லைக்கை விட அம்மா முகம் பெரிது.

அந்த மூன்று கல்லும் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. கேட்டு வாங்கி வந்தேன். நேற்றுப் பேரனை உட்கார வைத்து ஒவ்வொன்றின் கீழும் சீட்டு ஒட்டினோம். "காரை. 1980களின் கடைசி. சரியான இடம் தெரியாது. எடுத்தவர் எழுதவில்லை."

"யாருங்க அப்புச்சி எடுத்தது?" என்றான். சொன்னேன்.

அந்தப் பயணத்துக்கு வந்த நாற்பது பேரில் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கல் இன்னும் கிடந்தால், எந்த ஓடையில் எடுத்தோம் என்று ஒரு வரி ஞாபகம் இருந்தால், எனக்குப் போன் போடுங்கள். சீட்டைத் திருத்தி எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்