மெல்லடுக்கு வண்ணப்பிரிகை: ஆய்வுக்கட்டுரைத் தேடல்

கண்ணாடித் தகட்டில் சிலிக்கா அல்லது அலுமினாவை மெல்லிதாகப் பூசி, கரைப்பானை அதில் ஏறவிட்டு, கலவையின் கூறுகளைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிப்பது மெல்லடுக்கு வண்ணப்பிரிகை. ஆய்வகங்களில் டி.எல்.சி. என்றால்தான் புரியும். இந்த முறையின் பழைய கட்டுரைகளை ஒரே பெயரைக் கொண்டு தேடினால் பாதிகூட அகப்படாது.

1938இல் கார்கிவ் நகரில் நிக்கொலாய் இஸ்மாயிலோவும் மரியா ஷ்ரைபரும் நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் அலுமினாவைப் பரப்பி, மூலிகைச் சாற்றில் ஒரு துளியை அதன்மேல் விட்டு, பிறகு கரைப்பானைச் சொட்டினர். பொருள்கள் வட்ட வட்டமாகப் பிரிந்தன. குழாயில் நிரப்பிய பத்தியில் வெகுநேரம் பிடிக்கும் சோதனை நிமிடங்களில் முடிந்தது. கட்டுரை ரஷ்ய மொழியில் மருந்தியல் இதழொன்றில் வெளியானது. வெளியுலகில் அதைப் படித்தவர்கள் சொற்பம்.

1949இல் அமெரிக்காவின் மைன்ஹார்டும் ஹாலும் மாவுச்சத்தைக் கலந்து அடுக்கை உதிராமல் ஒட்டவைத்தனர். சூட்டிய பெயர் ‘மேற்பரப்பு வண்ணப்பிரிகை’. 1951இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில், ஆரஞ்சு வகைப் பழங்களின் மணப்பொருள்களை ஆராய்ந்த கிர்ச்னர் குழு, கரைப்பானைக் கீழிருந்து மேலே ஏறவிட்டது. தாங்கள் பயன்படுத்திய பட்டையை அவர்கள் ‘குரோமட்டோஸ்டிரிப்’ என்றனர். 1954இல் ரைட்செமா பயன்படுத்திய அகலத் தகடு ‘குரோமட்டோபிளேட்’ ஆயிற்று. இப்படி ஆளுக்கொரு பெயரிட்டதால் கட்டுரைச் சுருக்கங்களைத் தொகுக்கும் இதழ்களின் பொருளகராதியில் இவை சிதறிக் கிடந்தன.

நிலைத்த பெயரைத் தந்தவர் ஜெர்மனியின் எகோன் ஷ்டால். அவரது 1956ஆம் ஆண்டுக் கட்டுரையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1958இல் தரப்படுத்திய சிலிக்கா மெர்க் நிறுவனத்திடமும், பூசும் கருவி டெசாகாவிடமும் கிடைக்கத் தொடங்கிய பின்னரே முறை பரவியது. பெயரைவிடத் தரப்படுத்தலே முக்கியம் என்பேன். பொட்டு நகர்ந்த தொலைவைக் கரைப்பான் நகர்ந்த தொலைவால் வகுத்தால் வருவது ஆர்.எஃப். மதிப்பு. காற்றின் ஈரம், அடுக்கின் தடிமன், கலத்தில் நிறைந்த ஆவி என எது மாறினாலும் அதுவும் மாறும். ஒருவர் அச்சிட்ட எண் இன்னொருவருக்குப் பயன்பட வேண்டுமானால் தகடாவது ஒன்றாக இருக்க வேண்டும். 1962இல் வெளிவந்த ஷ்டாலின் கையேடு, சிதறிய செய்திகளை ஒரே இடத்தில் திரட்டியது.

கட்டுரைகள் பெருகியதும் சுவிட்சர்லாந்தின் காமாக் நிறுவனம் இத்துறைக்கென்றே நூற்பட்டியல் இதழை வெளியிட்டது. கட்டுரைகளின் சுருக்கங்கள் பொருள்வாரியாக எண்ணிட்டு வந்தன. பின்னாளில் அது கணினித் தரவுத்தளமாயிற்று. கருவி விற்கும் நிறுவனம் நூலகர் வேலையையும் ஏற்றது அபூர்வம்தான்.

இன்றைய தரவுத்தளங்களிலும் ஒரு சிக்கல் நீடிக்கிறது. கரிம வேதியியலர் தம் வினை முடிந்ததா என்று அன்றாடம் டி.எல்.சி.யில்தான் பார்க்கிறார்; ஆனால் அந்தக் கரைப்பான் விகிதமும் ஆர்.எஃப். மதிப்பும் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலோ துணை ஆவணத்திலோ ஒரு வரியாக ஒதுங்கிவிடும். தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் துழாவும் தேடலுக்கு அந்த வரி எட்டாது. எனவே முறையின் பெயரைவிட, பிரிக்க வேண்டிய சேர்மத்தின் பெயரைக் கொண்டு தேடத் தொடங்குவதே பலனளிக்கிறது.