கராத்தே, குத்துச்சண்டை, சிலம்பம்... நிஜமாகவே ஒருத்தர் தாக்க வந்தால் எது கைகொடுக்கும்?

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக். ஆண்கள் கராத்தேயில் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவின் இறுதிப்போட்டி. சவுதி அரேபிய வீரர் தாரெக் ஹமெதி 4-1 என முன்னிலையில் இருந்தார். அடுத்து அவர் விட்ட ஒரு உதை, ஈரான் வீரர் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயின் தலையில் இறங்கியது. மனிதர் அப்படியே சுயநினைவில்லாமல் சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கண் விழித்துப் பார்த்தால், தங்கப் பதக்கம் அவருக்கு! உதைத்தவருக்கு வெள்ளிதான்.

ஒலிம்பிக் கராத்தேயில் அடியைக் கட்டுப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அளவுக்கு மீறி பலமாக அடித்தால் தகுதிநீக்கம். விளையாட்டாகப் பார்த்தால் இது நியாயமான விதி. ஆனால் பூட்டிய தெருவிலோ, ஆளில்லாத பேருந்து நிறுத்தத்திலோ ஒருத்தர் கையைப் பிடித்து இழுக்கும்போது அங்கே ரெஃப்ரி இல்லை, பாயின்ட் இல்லை. அப்போ வருஷக்கணக்கில் கிளாஸுக்குப் போனது எந்த அளவுக்கு உதவும்?

தமிழில் இவற்றுக்கு 'தற்காப்புக் கலை' என்றே பெயர் வைத்துவிட்டதால், எதைக் கற்றாலும் தற்காப்பு தானாக வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது அவ்வளவு ஈஸி இல்லை.

எது பெருசுன்னு ஒரே ராத்திரியில் மோதிப் பார்த்தார்கள்

'குங்ஃபூ பெருசா, கராத்தே பெருசா' என்ற பழைய சண்டைக்கு 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு பரிசோதனை நடந்தது. யுஎஃப்சி என்ற பெயரில் நடந்த முதல் போட்டி அது. எட்டு வீரர்கள், எடைப் பிரிவு கிடையாது. கடிக்கக்கூடாது, கண்ணில் குத்தக்கூடாது என்பதைத் தாண்டி பெரிய விதிகளும் இல்லை.

முதல் மோதலில் சுமோ வீரர் டெய்லா டூலியின் முகத்தில் நெதர்லாந்தின் ஜெரார்ட் கோர்டோ உதைத்ததில் பல் பறந்தது. அரை நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. ஜெயித்த கோர்டோவுக்கும் கை உடைந்திருந்தது. குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி அவரைத் தரையில் சாய்த்து மேலே ஏறி உட்கார்ந்ததும், உருப்படியாக ஒரு குத்துகூட விடாமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்றிரவு மூன்று பேரை வீழ்த்தி கிரேசி பட்டம் வென்றார்.

அவர் பயன்படுத்தியது பிரேசிலிய ஜியு-ஜிட்சு. எதிராளியைத் தரையில் சாய்த்து, கழுத்தையோ மூட்டையோ பூட்டிப் பணிய வைக்கும் கலை. (போட்டியை நடத்தியவர்களில் ஒருவர் ராய்ஸின் அண்ணன் ரோரியன் கிரேசி. குடும்பக் கலைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது!)

அதன்பிறகு வந்த ஆண்டுகளில் கலப்புச் சண்டைப் போட்டிகளில் தாக்குப்பிடித்தவர்கள் பெரும்பாலும் நான்கைந்து வழிகளில் இருந்தே வந்தார்கள். மல்யுத்தம், ஜியு-ஜிட்சு, ஜூடோ, குத்துச்சண்டை, தாய்லாந்தின் முவே தாய். இவை அனைத்துக்கும் பொதுவாக இருப்பது ஏதோ ரகசிய அடி இல்லை. பயிற்சி எடுக்கும் முறைதான்.

எதிர்த்து நிற்கும் ஆளோடு பயிற்சி

ஜூடோவை உருவாக்கியவர் ஜப்பானின் கானோ ஜிகோரோ. 1882-ல் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய அவர், பழைய ஜுஜுட்சுவில் இருந்த குத்து, உதை போன்ற ஆபத்தான அடிகளை நேரடி மோதல் பயிற்சியில் இருந்து விலக்கி வைத்தார். கேட்பதற்கு, கலையைப் பலவீனமாக்கியது போலத் தெரியும். நடந்தது தலைகீழ். காயம் பட்டுவிடும் என்ற பயம் குறைந்ததால், மாணவர்கள் தினமும் முழு பலத்தோடு ஒருவரை ஒருவர் தூக்கி எறிந்து பழக முடிந்தது. 'ராண்டோரி' என்று அழைக்கப்படும் இந்தப் பயிற்சியில் எதிரே நிற்பவர் ஒத்துழைக்க மாட்டார். விழாமல் இருக்கத்தான் பார்ப்பார். பிடி நழுவும், மூச்சு வாங்கும், போட்ட திட்டம் சொதப்பும்.

இந்த அனுபவம்தான் நிஜத்தில் உதவும். கண்ணைக் குத்துவது, தொண்டையில் அடிப்பது என்று 'உயிரையே எடுக்கும்' அடிகளை மட்டும் காற்றில் செய்து பழகுபவர், அதை ஒருமுறைகூட எதிர்க்கும் ஆள் மீது செய்து பார்த்திருக்க மாட்டார். செய்து பார்க்கவும் முடியாது.

இதற்கு சீனாவில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2017 ஏப்ரலில் செங்டு நகரில், டாய் சீ மாஸ்டர் வெய் லெய்க்கும் கலப்புச் சண்டை வீரர் ஷூ ஷியாவோதோங்குக்கும் மோதல் நடந்தது. சில நொடிகளிலேயே மாஸ்டர் தரையில் கிடந்தார். வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. டாய் சீ உடம்புக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது மோதிப் பார்த்துக் கற்றுத் தரப்படுவதில்லை. ஜப்பானின் ஐகிடோவிலும் பெரும்பாலும் இதே பிரச்னைதான். எதிராளி கையை நீட்டியபடி காத்திருப்பார், தூக்கிப்போட்டால் தானாகவே உருண்டு விழுவார்.

குத்துவது, உதைப்பது எவ்வளவு தூரம் உதவும்?

குத்துச்சண்டை கற்றவர்களிடம் இருக்கும் பெரிய பலம், குத்துவது மட்டுமல்ல. முகத்துக்கு நேரே ஒரு கை வரும்போது கண்ணை மூடாமல் தலையை நகர்த்தத் தெரிவது. தெருச் சண்டையில் பெரும்பாலும் வருவது வளைத்து வீசும் முரட்டுக் குத்துதான். ஆறு மாதம் ஒழுங்காக ஸ்பாரிங் செய்தவருக்கு அது தூரத்திலேயே தெரிந்துவிடும். வட சென்னையில் தலைமுறை தலைமுறையாக குத்துச்சண்டை நிலைத்திருப்பதால், சென்னைவாசிகளுக்கு இதைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வளையத்தில் கையில் துணி சுற்றி கிளவுஸ் போட்டிருப்பார்கள். வெறுங்கையால் மண்டையில் குத்தினால் உடைவது பல நேரம் குத்தியவர் கைதான். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு உடைவதற்கு மருத்துவத்தில் 'பாக்ஸர் முறிவு' என்றே பெயர். அதனால்தான் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை ஆகியவற்றைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள் பல பயிற்சியாளர்கள். முவே தாயில் முழங்கை, முழங்கால், கழுத்தைப் பிடித்து மடக்குவது எல்லாமே பாடத்தில் இருப்பதால், நெருக்கத்தில் நடக்கும் மோதலுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

டேக்வாண்டோவில் கால் வேகம் அபாரம். ஆனால் ஒலிம்பிக் பாணிப் பயிற்சியில் முகத்தில் குத்த அனுமதி இல்லை. அதனால் கையைத் தொங்கவிட்டபடி நிற்கும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொள்கிறது. ஜீன்ஸும் செருப்பும் போட்டுக்கொண்டு, ஈரமான ரோட்டில் தலை உயரத்துக்கு உதைப்பது வேறு கதை. கராத்தேயைப் பொறுத்தவரை பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். மாஸ் ஓயாமா உருவாக்கிய கியோகுஷின் பாணியில் உடம்பில் முழு பலத்தோடு அடி வாங்கிப் பழக வேண்டும். இன்னொரு பக்கம், வரிசையில் நின்று காற்றில் குத்தி மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் வாங்கும் வகுப்புகளும் இருக்கின்றன. பெயர் இரண்டுக்கும் கராத்தேதான்.

தரையில் உருளலாமா?

ஜியு-ஜிட்சுவின் பெரிய வரம், தன்னைவிட எடை கூடிய ஆள் மேலே அமுக்கும்போதும் பதறாமல் வெளியே வரக் கற்றுத் தருவது. பெண்களுக்கும் சிறிய உடல்வாகு கொண்டவர்களுக்கும் இது ரொம்ப முக்கியம். ஆனால் கிரேசி ஜெயித்த மேடையில் எதிரே ஒரே ஒரு ஆள்தான். தெருவில் ஒருத்தரைப் பூட்டுப் போட்டுப் பிடித்திருக்கும்போது அவருடைய நண்பர் வந்து தலையில் உதைத்தால்? கீழே மெத்தை இல்லை, தார் ரோடு. எனவே விழுந்தால் எழுந்து ஓடத் தெரிவதற்காகத் தரைச் சண்டையைக் கற்பதே புத்திசாலித்தனம். வேண்டுமென்றே தரைக்குப் போவது நல்ல யோசனை இல்லை.

கத்தியைப் பிடுங்கும் வீடியோக்கள்

சமூக வலைதளங்களில் அதிகம் ஓடுவது இவைதான். கத்தியோடு வருபவர் ஒரே ஒருமுறை குத்திவிட்டு கையை நீட்டியபடி நிற்பார். மாஸ்டர் மணிக்கட்டைத் திருகுவார், கத்தி கீழே விழும். நிஜத்தில் கத்தி திரும்பத் திரும்ப, நொடிக்கு நொடி வரும்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு கணக்கு சொன்னார். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட சுமார் ஒன்றரை நொடி ஆகும். அதே ஒன்றரை நொடியில் கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியைக் கடந்துவிடுவார். துப்பாக்கி வைத்திருப்பவருக்கே இந்த நிலை என்றால், வெறுங்கையோடு நிற்பவர் என்ன செய்வது? பர்ஸையும் போனையும் கேட்டால் கொடுத்துவிடுவது, முடிந்தால் ஓடுவது, நடுவில் பைக்கையோ மேஜையையோ வைத்துக்கொள்வது. கையால் தடுப்பது வேறு வழியே இல்லாதபோதுதான்.

இஸ்ரேல் ராணுவத்தில் வளர்ந்த க்ராவ் மகா இந்த இடத்தில்தான் பிரபலம். இதை உருவாக்கிய இமி லிக்டென்ஃபெல்ட், 1930-களில் பிராட்டிஸ்லாவா தெருக்களில் யூதர்களைத் தாக்கிய கும்பல்களோடு நேரடியாக மோதியவர். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் போட்டி அளவில் தெரிந்தவர். அந்த அடித்தளம் இல்லாமல், ஒரு நாள் பட்டறையில் பத்து நுட்பங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது தைரியத்தைக் கொடுக்கும், திறமையைக் கொடுக்காது. அந்தத் தைரியமே சில நேரம் ஆபத்து.

சிலம்பம், அடிமுறை எங்கே நிற்கின்றன?

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. கையில் கம்பு இருந்தால், சிலம்பம் தெரிந்தவரை நெருங்குவது உண்மையிலேயே கஷ்டம். இந்தப் பட்டியலில் பல பேரைத் தள்ளி நிறுத்த வாய்ப்புள்ள கலையும் இதுதான். சிக்கல், ஆபீஸுக்கு யாரும் கம்போடு போவதில்லை! காலடி, தூரம் கணிப்பது, குடையோ துடைப்பமோ கையில் கிடைத்ததை வீசத் தெரிவது ஆகியவை மிஞ்சும். சிலம்பத்தோடு சேர்ந்த குத்துவரிசையையும் கற்றுத் தரும் ஆசான் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கேயும் கேள்வி ஒன்றுதான். அலங்கார வீச்சு மட்டுமா, எதிரே ஆள் நின்று அடிப்பாரா?

குமரி மாவட்டத்தின் அடிமுறையில் வர்மப் புள்ளிகளைத் தாக்கும் பாடம் உண்டு. அசையாமல் நிற்பவர் மீது காட்டிக்கொடுப்பது ஒன்று. திமிறிக்கொண்டிருக்கும், சட்டை போட்ட, வியர்த்து வழுக்கும் ஒருவர் மீது விரல் அகலப் புள்ளியைக் குறிவைப்பது முற்றிலும் வேறு.

தாக்குபவர் தெரிந்தவராக இருந்தால்?

பெரும்பாலான வகுப்புகள் தொடாத இடம் இது. இருட்டுச் சந்தில் அறிமுகமில்லாதவர் பாய்வது போலத்தான் பயிற்சிகள் அமைகின்றன. ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி, இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை பார்ப்பவர், காதலிப்பதாகச் சொன்னவர். ஒரு பெண் சித்தப்பாவின் மூக்கில் முழங்கையால் இடிக்க வேண்டுமென்றால், தடையாக இருப்பது உடல் பலம் மட்டுமல்ல. 'பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே', 'வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே' என்று சின்ன வயசில் இருந்து கேட்ட பேச்சுகள்தான்.

கனடாவில் இதை மனதில் வைத்தே ஒரு பயிற்சி வடிவமைக்கப்பட்டது. உளவியலாளர் சார்லீன் சென் தலைமையிலான குழு, மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் நடத்திய ஆய்வு 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. மொத்தப் பயிற்சி நேரம் வெறும் 12 மணி. தெரிந்தவர் எல்லை மீறும் அறிகுறிகளை அடையாளம் காண்பது, 'வேண்டாம்' என்று சத்தமாகச் சொல்லும்போது வரும் தயக்கத்தை உடைப்பது, அதன்பிறகே கைகால் தற்காப்பு. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம் பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். துண்டுப் பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் இது 9.8 சதவீதம். முயற்சிச் சம்பவங்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. 3.4-க்கு எதிராக 9.3.

வருஷக்கணக்கான பெல்ட்டுகள் இல்லாமலே கிடைத்த பலன் இது. குற்றத்துக்குப் பொறுப்பு குற்றவாளிதான் என்பதையும் அந்தப் பயிற்சி திரும்பத் திரும்பச் சொல்கிறது.

பிள்ளையைச் சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மாணவர்கள் பாதுகாப்புக் கவசத்தோடு ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்களா? நுட்பம் தோற்றுப்போகும்போது மாஸ்டர் என்ன சொல்கிறார்? ஓடுவதை, கத்துவதை, உதவி கேட்பதைப் பாடமாகவே வைத்திருக்கிறாரா? 'ஒரு மாதத்தில் யாரையும் வீழ்த்தலாம்' என்ற போஸ்டர் ஒட்டியிருந்தால் அடுத்த வகுப்பைத் தேடலாம். வீட்டுப் பக்கத்தில் நல்ல ஜூடோ வகுப்பு இருக்கும்போது, பெயருக்காக 20 கிலோமீட்டர் தள்ளி க்ராவ் மகா தேடி, இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவதிலும் பயனில்லை.

திருப்பி அடித்தால் கேஸ் ஆகுமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தன்னை மட்டுமல்ல, வேறொருவரைக் காப்பாற்றவும் இந்த உரிமை உண்டு. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற அச்சம் நியாயமாக ஏற்பட்டால், தாக்குபவருக்கு மரணம் நேர்ந்தாலும் 38-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆபத்தில் இருப்பவர் தராசு வைத்து அளந்து அளந்து திருப்பி அடிக்க முடியாது என்பதை 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் தேவைக்கு மேல் தாக்கினால் பாதுகாப்பு இல்லை. தாக்கியவர் கீழே விழுந்த பிறகு, அல்லது ஓட ஆரம்பித்த பிறகு துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்புக் கணக்கில் வராது. தற்காப்புக்காகத்தான் அடித்தேன் என்று காட்டும் பொறுப்பும் அப்படிச் சொல்பவரிடமே இருக்கிறது. அதனால் தப்பித்த உடனே 112-க்கு அழைப்பது (பெண்கள் 181-க்கும் அழைக்கலாம்), காயம் சிறியதாக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் பதிவு செய்வது, கிழிந்த துணியைத் துவைக்காமல் அப்படியே எடுத்து வைப்பது, பக்கத்துக் கடைகளில் சிசிடிவி இருக்கிறதா என்று போலீஸிடம் சொல்வது எல்லாம் அன்றைக்கே செய்ய வேண்டியவை.