கதை அவர்களுடையது, கடிகாரமும் அவர்களுடையதா?



"நல்ல சரித்திரத் தொடர்களைப் பார்க்க முடியாத நேரத்தில் போடுகிறார்கள், பாதியில் வெட்டுகிறார்கள்" என்று பலர் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கிறோம். இந்தக் குறைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். ஓய்வுபெற்ற பிறகும் வாத்தியார் புத்தி போகவில்லை. மூன்று உதாரணங்களோடு இந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலாவது, பிரிட்டனின் 'ஃபோர்சைட் சாகா'. நோபல் பரிசு பெற்ற ஜான் கால்ஸ்வொர்த்தியின் நாவல்களை வைத்து பிபிசி எடுத்த 26 பகுதித் தொடர். அவருடைய நூற்றாண்டான 1967-ல், ஜனவரியில் ஒளிபரப்பு தொடங்கியது. ஆனால் எங்கே? பிபிசி 2-ல். அந்த அலைவரிசை 625 வரி முறையில் வந்தது. பெரும்பாலான வீடுகளில் இருந்ததோ பழைய 405 வரிப் பெட்டி. புதுப் பெட்டியும் புது ஆன்டெனாவும் வாங்காமல் பிபிசி 2 தெரியாது. உரிமக் கட்டணம் கட்டியது எல்லா வீடும், தொடரைப் பார்த்தது வசதி உள்ள வீடு. பொதுப் பணத்தில் பந்தி போட்டு, பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்தி வைத்த கதை.

1968 செப்டம்பரில் அதே தொடரை பிபிசி 1-ல் ஞாயிறு மாலை மறுஒளிபரப்பு செய்தார்கள். கடைசிப் பகுதியைச் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள். சில தேவாலயங்கள் மாலை வழிபாட்டு நேரத்தையே மாற்றிக்கொண்டன. தொடர் அதேதான், ஒரு காட்சிகூட மாறவில்லை. மாறியது அலைவரிசையும் நேரமும் மட்டுமே. 1987-ல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை ராமாயணம் வந்தபோது தெருக்கள் வெறிச்சோடியதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்'. லண்டன் மாளிகை ஒன்றில் மேல்மாடி எஜமானர்கள், கீழ்த்தள வேலைக்காரர்கள், இவர்களின் கதை. 1971 அக்டோபரில் ஐடிவி இதை ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் போட்டது. தொழில்நுட்ப ஊழியர்கள் வண்ணக் கருவிகளைத் தொட மறுத்துப் போராடிய காலம் என்பதால் முதல் ஆறு பகுதிகள் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டன. அப்படியும் மக்கள் விழித்திருந்து பார்த்தார்கள்.

1974-ல் தொடர் அமெரிக்கா போனது. முதல் இரண்டு பருவங்களின் 26 பகுதிகளில் 13-ஐ மட்டும் பொறுக்கிக் காட்டினார்கள். மொத்தம் 68 பகுதிகள் கொண்ட கதையில் 13 பகுதிகள் அங்குள்ளவர்களுக்கு அப்போது கிடைக்கவே இல்லை. பாடப் புத்தகத்தில் ஒன்றுவிட்டு ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பரீட்சை வைத்தால் மாணவன் என்ன செய்வான்?

மூன்றாவது, பலரும் அறிந்த 'டவுன்டன் அபே'. 2010 செப்டம்பரில் பிரிட்டனில் ஏழு பகுதிகளாக வந்தது, 2011 ஜனவரியில் அமெரிக்காவின் பிபிஎஸ்ஸில் நான்கு நீண்ட பகுதிகளாக மாறியது. இலையுதிர் காலத்தில் வணிகச் சேனல்கள் தங்கள் புதுத் தொடர்களை இறக்கும். அந்தப் போட்டியில் சிக்காமல் ஜனவரியில் போட்டால் கூட்டம் சேரும் என்பது பிபிஎஸ்ஸின் கணக்கு. கணக்குத் தப்பவில்லை, கூட்டம் சேர்ந்தது.

ஆனால் 2012 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டனில் மாத்யூ க்ராலி என்ற முக்கியப் பாத்திரம் விபத்தில் இறந்தது. செய்தி உடனே இணையம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் அந்தப் பருவத்தின் முதல் பகுதியே 2013 ஜனவரி 6-ல்தான் வந்தது! பிபிஎஸ் பார்வையாளர் நன்கொடையையும் நம்பி நடப்பது. கைக்காசு கொடுத்தவர்களும் முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பத்தைப் பார்க்க உட்கார வேண்டியதாயிற்று. எவ்வளவோ பேர் முறையிட்டும் 2016-ல் கடைசிப் பருவம் வரை அந்த ஜனவரி வழக்கம் மாறவில்லை.

ஒளிபரப்பாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. புது அலைவரிசைக்கு ஆள் சேர்க்க வேண்டும், செலவைக் கட்டுப்படுத்த வேண்டும், போட்டியைச் சமாளிக்க வேண்டும். ஆனால் மூன்று முறையும் அந்தக் கணக்கின் சுமை பார்வையாளன் தலையில்தான் விழுந்தது.

இதில் பொழுதுபோக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தைக் கையில் எடுக்காதவர்கள்கூட இத்தகைய தொடர்கள் வழியாகத்தான் ஒரு காலத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். எஜமானனுக்கும் வேலைக்காரனுக்கும் நடுவே இருந்த தூரம், ஒரு போர் குடும்பத்தை உடைத்த விதம், மனைவியைச் சொத்தாக நினைத்த கணவனின் மனம், எல்லாமே காரணமும் விளைவுமாகக் கோத்து வருபவை. வரிசை கலைந்தால் சம்பவங்கள் மிஞ்சும், வரலாறு மிஞ்சாது.

ஆகவே நேரம் சரியில்லை, பகுதிகள் விடுபட்டன என்று முறையிடுகிறவர்களை "வேலையில்லாதவர்கள்" என்று ஒதுக்காதீர்கள். முழுக் கதையை முறையாகச் சொல்லுங்கள் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். வகுப்பில் அப்படிக் கேட்ட பிள்ளையை எந்த ஆசிரியரும் உட்காரச் சொல்லமாட்டார்.