மவுஸ்ட்ராப் (நாடகம்)

மவுஸ்ட்ராப், அதாவது எலிப்பொறி, அகதா கிறிஸ்டி எழுதிய கொலை மர்ம நாடகம். 1952 அக்டோபர் 6 அன்று நாட்டிங்காமில் அரங்கேறியது. லண்டனில் அதே ஆண்டு நவம்பர் 25 முதல் நடந்துவருகிறது. உலகில் மிக நீண்ட காலம் ஓடும் நாடகம் இதுதான். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் விழுந்த திரை 2021 மே 17 அன்று மறுபடி உயர்ந்தது.

அரசி மேரியின் 80ஆவது பிறந்தநாளுக்கு என்ன ஒலிபரப்பலாம் என்று பிபிசி கேட்டபோது, கிறிஸ்டியின் நாடகம் வேண்டும் என்றார் அவர். அப்படி 1947இல் பிறந்த அரை மணி நேர வானொலி நாடகமே இதன் மூலம். 1945இல் ஷ்ராப்ஷயர் பண்ணை ஒன்றில், வளர்க்க ஒப்படைக்கப்பட்ட இடத்தில் கொடுமைக்கு ஆளாகி இறந்த டென்னிஸ் ஓ'நீல் என்ற சிறுவனின் வழக்கு கதைக்கு அடியில் கிடக்கிறது. தலைப்பு ஹாம்லெட்டிலிருந்து எடுத்தது; யோசனை கிறிஸ்டியின் மருமகனுடையது.

மாங்க்ஸ்வெல் மேனர் என்ற பழைய வீட்டில் இளம் தம்பதி புதிதாக விடுதி தொடங்குகிறார்கள். பனி கொட்டி வழி அடைபடுகிறது. லண்டனில் நடந்த கொலையைப் பற்றி வானொலி சொல்கிறது: சந்தேகத்துக்குரிய ஆள் கறுப்புக் கோட்டும், வெளிர்நிற ஸ்கார்ஃபும், தொப்பியும் அணிந்திருந்தாராம். அந்த நேரம் பார்த்து மனைவி மோலி, கணவன் கழற்றிப் போட்ட கோட்டை எடுக்கிறாள், பிறகு ஸ்கார்ஃபை, பிறகு தொப்பியை. அவள் வாய் திறக்கவே இல்லை. சந்தேகம் அரங்கில் பரவிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளில் ஒரு போலீஸ்காரர் வந்து சேர, வீட்டில் எட்டுப் பேர்.

புதிர் என்ற அளவில் இது கிறிஸ்டியின் உச்சம் அல்ல. அவருடைய நாவல்களில் இதைவிடக் கூர்மையான முடிச்சுகள் உண்டு. ஆனால் நாவல் வாசகர் தனியாக ஊகிக்கிறார். அரங்கில் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஊகிக்கிறார்கள். இடைவேளையில் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை போடும் சுகம் புத்தகத்தில் கிடைக்காது. இறுதியில் நடிகர் ஒருவர் முன்னே வந்து, கொலையாளி யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். சீட்டு வாங்கி வந்தவர் அந்தக் கணத்தில் உடந்தையாகிவிடுகிறார். இதைவிட மலிவான, பலமான விளம்பரம் வேறில்லை.

தயாரிப்பாளர் பீட்டர் சாண்டர்ஸ் 14 மாதம் ஓடும் என்றார். கிறிஸ்டி எட்டு மாதத்தோடு நிறுத்திக்கொண்டார். முதல் துப்பறிவாளர் வேடம் ரிச்சர்ட் அட்டன்பரோவுக்கு. மோலியாக நடித்தவர் அவர் மனைவி ஷீலா சிம். 1974 மார்ச்சில் அம்பாசடர்ஸ் அரங்கிலிருந்து பக்கத்திலுள்ள செயின்ட் மார்ட்டின்ஸுக்கு இடம் மாறியது. நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மாறாதவை இரண்டு: கணப்புமேடையில் இருக்கும் கடிகாரம், வானொலிச் செய்தியாக ஒலிக்கும் டெரிக் கைலரின் பதிவுசெய்த குரல். 25,000ஆவது காட்சி 2012 நவம்பர் 18 அன்று நடந்தது. நான்சி சீப்ரூக் என்ற நடிகை 15 ஆண்டுகள் மாற்று நடிகையாகவே காத்திருந்தார், 6,240 காட்சிகள்.

நாடகத்தின் உரிமையைக் கிறிஸ்டி தன் சிறுவயதுப் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார். 1956இல் திரைப்பட உரிமையும் விற்பனையானது. லண்டனில் நாடகம் நின்று ஆறு மாதம் ஆன பிறகே படம் வரலாம் என்பது நிபந்தனை. வாங்கியவர்களால் அந்தப் படத்தை எடுக்கவே முடியவில்லை.